புழுக்கம் பிடித்த மரம்

பள்ளிக்கூடத்தில் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுக்கும் வாரத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி வந்துவிடும். "அம்மா, 2050-ல சாக்லேட்டே இருக்காதாமே, நிஜமா?" பனிக்கரடிக்குக் கலங்காத பிள்ளைகூட இதற்குக் கலங்கிப்போகும். நாமும் கைவேலையைப் பார்த்துக்கொண்டே "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பேசாம சாப்பிடு" என்போம். இல்லாவிட்டால் "ஆமா, அதுக்குத்தான் லைட்டை அணைக்கச் சொல்றேன்" என்போம். இரண்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சாக்லேட் காணாமல் போகும் என்ற செய்தி சில வருடங்களுக்கு ஒருமுறை புதுத் தலைப்போடு வந்து சுற்றும். கோகோ மரம் அப்படியொன்றும் அழிந்துவிடாது. ஆனால் அந்த மரத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசித்திரமானது. தமிழ் பேசும் வீட்டில் அதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நம்மிடம் இரண்டு சூட்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. மழைக்கு முந்தின நாள் சென்னையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமே, அது புழுக்கம். சித்திரை மாதம் மதுரை மொட்டைமாடியில் போட்ட வேட்டி கொஞ்ச நேரத்திலேயே மொறமொறவென்று காய்ந்துவிடுமே, அது வறட்டு வெயில். கோகோவுக்குப் புழுக்கம் ரொம்பப் பிடிக்கும். வறட்டு வெயில் ஆகவே ஆகாது.

காரணம் அதன் பிறந்த வீடு. கோகோ தென் அமெரிக்காவில் அமேசான் காட்டுக்குள், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த மரம். அங்கே மேலே இருக்கும் இலைக்கூரை உச்சி வெயிலைத் தடுத்துவிடும். ராத்திரியும் அதிகம் குளிராது. காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தச் சுகவாசியை வெளியே கொண்டுவந்து நட்டாலும் பழைய பழக்கம் போகவில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே 20 டிகிரி, தெற்கே 20 டிகிரி, இந்தப் பட்டைக்குள்தான் உலகத்துக் கோகோ கிட்டத்தட்ட முழுவதும் விளைகிறது. பகலின் உச்ச வெப்பம் சராசரியாக 30 முதல் 32 டிகிரி, ராத்திரியின் குறைந்த வெப்பம் 18 முதல் 21 டிகிரி, இதுதான் அதற்கு வசதி. 10 டிகிரிக்குக் கீழே போனால் மரம் தாங்காது. நான் சொல்வதெல்லாம் செல்சியஸ். அமெரிக்காவில் இருப்பவர்கள் 32 என்பதை 90 என்றும், 10 என்பதை 50 என்றும் வைத்துக்கொள்ளுங்க.

குளிர் கோகோவை என்ன செய்யும் என்று பார்க்க நல்ல இடம் பிரேசிலின் பாஹியா மாநிலம். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி, தெற்கே இருப்பதால் அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஒரு மெல்லிய குளிர்காலம் உண்டு. நமக்கு ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாத குளிர்தான். ஆனால் சராசரி வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே மரம் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அடிமரம் பருப்பதும் மந்தமாகிவிடும். ஏற்கெனவே பிடித்த காய்களும் மெதுவாகத்தான் முற்றும். சராசரி 26 டிகிரி இருக்கும் காலத்தில் பூவிலிருந்து பழம்வரை ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். 22 டிகிரி என்றால் ஆறு மாதத்துக்கு மேல். நாலே நாலு டிகிரிதான் வித்தியாசம். வீட்டில் தெர்மோஸ்டாட்டை யார் ஏற்றினார்கள் என்று நாம் சண்டை போடும் அளவு.

இந்த வித்தியாசம் நம் வாய்வரைக்கும் வருகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துபோகும், பக்கத்தில் நல்லெண்ணெய் அப்படியே ஓடும், பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்களின் கலவைதான் காரணம். கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு. காய் வளரும் மாதங்களில் குளிராக இருந்தால் மரம் அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் நல்லெண்ணெய்ப் பக்கமாகச் செய்கிறது. சூடாக இருந்தால் தேங்காய் எண்ணெய்ப் பக்கமாகப் போகிறது. அதனால்தான் பாஹியாவின் கோகோ வெண்ணெய் மெத்தென்று இருக்கும், மலேசியாவின் வெண்ணெய் கெட்டியாக இருக்கும், கானாவுடையது நடுவில் நிற்கும். சாக்லேட் கம்பெனிக்காரர்கள் இதைப் பல காலமாகத் தெரிந்துவைத்து, எந்த ஊர் வெண்ணெயை எதில் கலப்பது என்று கணக்குப் போடுகிறார்கள். நல்ல சாக்லேட் 34 டிகிரி வாக்கில் உருகும். நாக்கு அதைவிடச் சூடு. வாயில் போட்டதும் கரைவதற்கும் கையில் பிடித்தால் உடனே கரையாமல் இருப்பதற்கும் இடையில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

சூட்டின் பக்கம் வருவோம். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: ரெடிங் பல்கலைக்கழகத்தில் கோகோ செடிகளுக்கென்றே கண்ணாடி வீடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் கோகோ வகைகளை நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். மழையும் குளிருமான ஊரில் கோகோ. இந்தப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2000-களில் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று கண்ணாடி வீடுகள். ஒன்றில் பாஹியாவின் வெப்பநிலை, ஒன்றில் கானாவில் உள்ள டாஃபோ என்ற ஊரின் வெப்பநிலை, மூன்றாவதில் மலேசியாவின் ஹிலிர் பேராக், அதாவது கீழ்ப் பேராக்கின் வெப்பநிலை. மூன்றிலும் ஒரே வகைச் செடிகளை வளர்த்தார்கள். சூடு கூடிய வீட்டில் காய்கள் சீக்கிரம் முற்றின. ஆனால் எல்லா வகையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சில வகைகளுக்குச் சூடு பெரிதாகப் படவில்லை, சில வகைகளுக்குப் பட்டது. இது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். நாளைக்கு எந்த வகையை எங்கே நடுவது என்ற கேள்விக்குப் பிடிமானம் இதுதான்.

ஹிலிர் பேராக் என்றதும் மலேசிய வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். தெலுக் இந்தான், பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருக்கும். அந்தக் கடலோரத் தென்னந்தோப்புகளில், தென்னைக்கு நடுவே கோகோ போட்ட காலம் ஒன்று இருந்தது. 1990 வாக்கில் மலேசியா வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன் கோகோ எடுத்தது. அப்புறம் சரசரவென்று இறங்கிவிட்டது. காயைத் துளைக்கும் புழு வந்தது, விலை விழுந்தது, செம்பனை அதைவிட லாபமாக இருந்தது. வெயிலால் அது போகவில்லை. மலேசியாவின் கோகோப் பகுதிகள் மேற்கு ஆப்பிரிக்காவைவிடச் சூடானவை, அங்கே மரம் நன்றாகவே காய்த்தது. ஏன் என்றால் அங்கே இருப்பது புழுக்கம். வருடம் முழுக்க மழை, காற்றில் ஈரம்.

இப்போது மேற்கு ஆப்பிரிக்கா. ஐவரி கோஸ்ட், கானா இரண்டும் சேர்ந்து உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் கொடுக்கின்றன. டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879-ல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதை கொண்டுவந்து கானாவின் மாம்போங்கில் நட்டார் என்பது அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. மரம் அங்கே பிடித்துக்கொண்டது. ஆனால் அங்கே வறட்சிக் காலம் என்று ஒன்று உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் சஹாரா பாலைவனத்திலிருந்து ஹார்மட்டான் என்ற காற்று புழுதியோடு இறங்கும். உதடு வெடிக்கும், தோல் வெளுக்கும். கோகோ இலைக்கும் அதேதான்.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன. அவை வழியாகத்தான் மரம் காற்றை எடுத்து உணவு செய்கிறது. வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் போகிற தண்ணீர் கொஞ்சம்தான். காற்று காய்ந்திருந்தால் வேட்டியை உறிஞ்சின மாதிரி இலையையும் உறிஞ்சும். அதற்குப் பயந்து மரம் வாயை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிச்சம், ஆனால் பட்டினி. இந்த நிலை நீண்டால் மரம் செய்யும் முதல் காரியம் பிஞ்சுகளைக் கைவிடுவது. அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல் நீளப் பிஞ்சுகள் மஞ்சளாகி, கருத்து, அப்படியே காய்ந்து நிற்கும். கோகோ சாதாரணமாகவே ஆயிரக்கணக்கில் பூத்து, நூற்றுக்குச் சில பூக்களைத்தான் காயாக்கும் மரம். அதிலும் இப்படிப் போனால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்?

சூடு ஏற ஏறக் காற்றின் தாகமும் ஏறும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வெப்பம் இரண்டு டிகிரி கூடி, மழையும் ஈரமும் அதே அளவு கூடினால் கோகோ சமாளித்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் வெப்பம் கூடும் அளவுக்கு ஈரம் கூடாது என்பதுதான் கணிப்பு. கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையம் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இப்போது அந்த இரண்டு நாடுகளிலும் கோகோவுக்குத் தோதான உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 100 முதல் 250 மீட்டர். 2050 வாக்கில் அது 450 முதல் 500 மீட்டருக்கு ஏறிவிடும் என்றது. "2050-ல் சாக்லேட் இல்லை" என்ற தலைப்புகள் பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்கிலிருந்து கிளம்பியவைதான். ஆய்வு சொன்னது மரம் மேலே ஏறவேண்டியிருக்கும் என்று. தலைப்பு சொன்னது மரமே இருக்காது என்று.

சரி, ஏறிவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். அங்கேதான் பிரச்சினை. கானாவில் உயரமான நிலம் அதிகம் கிடையாது. இருக்கும் மலைகளில் அடேவா போன்றவை பாதுகாக்கப்பட்ட காடுகள். கோகோவுக்காக அவற்றையும் வெட்டினால் காற்றுக்கு ஈரம் கொடுப்பதற்கு மிச்சம் இருப்பதும் போய்விடும். ஐவரி கோஸ்ட் தன் காட்டின் பெரும்பகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டது, அதில் கோகோவின் பங்கு சின்னது இல்லை. தவிர, இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தால் தோட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையேற முடியாது. நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்கள் இருக்கவேண்டும்.

விலை ஏறினால் அவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். 2022-ல் ஒரு டன் கோகோ 2,500 டாலர் அளவில் இருந்தது. 2024 மார்ச்சில் 10,000 டாலரைத் தாண்டியது, அதே வருடம் டிசம்பரில் 12,000-ஐயும் கடந்தது. உங்கள் கடையில் சாக்லேட் சின்னதாகிவிட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. 2023-ல் பேய்மழை பெய்து காய் அழுகியது, வைரஸ் நோய் பரவியது, மரங்களுக்கும் வயதாகிவிட்டது. ஆனால் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை அரசுதான் பருவத்துக்குப் பருவம் முன்கூட்டியே நிர்ணயிக்கிறது. சந்தையில் விலை எகிறியபோது அதில் பெரும்பங்கு அவர்கள் கைக்குப் போகவில்லை. மரத்தில் காயும் இல்லை, காய்த்ததற்குச் சந்தை விலையும் இல்லை. பிள்ளை கேட்கும் கேள்விக்கு என் பதில் இதுதான்: "சாக்லேட் இருக்கும் கண்ணு. ஆனா அதை வளர்க்கிறவங்களுக்குக் கஷ்டமாயிடும்." எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பயமுறுத்துவதைவிட இது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

வழி என்ன என்று கேட்டால், பெரும்பாலும் நிழல்தான். கடந்த ஐம்பது அறுபது வருடங்களில் அதிக மகசூலுக்காக நிழல்மரங்களை வெட்டி, திறந்த வெயிலில் கோகோ வைக்கும் பழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவியது. உரமும் மழையும் இருக்கும்வரை காய்த்துக் கொட்டும். வறட்சி வந்தால் முதலில் விழுவதும் அதுதான். மேலே பெரிய மரம் இருந்தால் உச்சி வெயிலில் கீழே சில டிகிரி குறையும், காற்றும் அவ்வளவு உறிஞ்சாது. நிழல் ஒரேயடியாக அதிகமானால் காய்ப்பு குறையும், ஈரத்தில் காய் கருகும் நோய் வரும். எவ்வளவு நிழல் என்பதில்தான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது.

நம் ஊரில் இதைத் தென்னை பார்த்துக்கொள்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனவர்கள் தென்னந்தோப்புக்குள் இருட்டாக, பெரிய இலையோடு, அடிமரத்திலேயே காய் தொங்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பலாவின் தம்பி இல்லை, கோகோ. ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், அங்கேயும் தென்னை நிழலிலும் செம்பனை நிழலிலும் சொட்டுநீர் போட்டுக் கோகோ எடுக்கிறார்கள். புத்தகத்தில் எழுதியிருக்கும் 32 டிகிரியைப் பார்த்து அவர்கள் பயந்திருந்தால் ஒரு காய்கூடக் கிடைத்திருக்காது. இன்னொரு செய்தி: இந்தியாவுக்குக் கோகோ முதலில் வந்து இறங்கிய இடம் குற்றாலம். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்து அங்கே நட்டது. ஜாதிக்காய், கிராம்பெல்லாம் வைத்திருந்த அதே இடம். சாரல் விழும் ஊரைத் தேர்ந்தெடுத்தவருக்குக் காற்றின் ஈரம் பற்றித் தெரிந்திருக்கவேண்டும்.

வீட்டில் ஒரு செடி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், காய்க்கும் என்று மட்டும் பிள்ளையிடம் சத்தியம் செய்யாதீங்க. கடையில் விற்கும் வறுத்த கோகோ விதை முளைக்காது. பச்சைக் காயிலிருந்து எடுத்த விதை வேண்டும். உள்ளே வெள்ளைச் சதை மங்குஸ்தான் மாதிரி இனிப்பும் புளிப்புமாக இருக்கும். பிள்ளைகள் அதைச் சப்பித் தின்னட்டும், அப்புறம் விதையைக் கழுவி அன்றைக்கே நடுங்க. இந்த விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். குளிர்ந்தாலும் சாகும். எதைப் பார்த்தாலும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளும் நம் வீட்டுப் பழக்கம் இதற்கு ஆகாது. ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்க. பச்சைக் காயும் விதையும் பல நாடுகளில் தடை, ஆஸ்திரேலியாவில் கேட்கவே வேண்டாம். அங்கே இருப்பவர்கள் குவீன்ஸ்லாந்தின் வடகோடியில் விளையும் கோகோவைப் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்தில் கியூ தோட்டத்தின் பனைமர வீட்டிலும், கார்ன்வாலில் உள்ள ஈடன் திட்டத்தின் மழைக்காட்டுக் கூடாரத்திலும் நிஜ மரம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் பனி படியும். "இதான் புழுக்கம்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

முளைத்த செடிக்கு 20-லிருந்து 28 டிகிரி சுகம். ராத்திரி 15-க்குக் கீழே விடாதீங்க. நேர் வெயில் வேண்டாம், மெல்லிய திரைக்குப் பின்னால் வெளிச்சம் போதும். குளிர்காலத்தில்தான் கண்டம். பனி பெய்யும் ஊர்களில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போவது சாதாரணம். நமக்கு மூக்கு எரியும், செடிக்கு அதுதான் ஹார்மட்டான். இலையின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டால் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுகிறோம், வேர் அழுகிவிடும். மண்ணைத் தொட்டுப் பாருங்க, ஈரமாக இருந்தால் ஊற்றவேண்டாம். காற்றுக்குத்தான் தண்ணீர் வேண்டும். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வைக்கலாம். ஜன்னல் இருக்கும் குளியலறை இருந்தால் அதுவே மேல். ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்து தள்ளிவைங்க, இலை குளிர்ந்த கண்ணாடியைத் தொடாமலும் பாருங்க.

எல்லாம் நன்றாகப் போனால் மூன்று நாலு வருடத்தில் அடிமரத்தில் சின்னதாக வெள்ளைப் பூ வரும். காட்டில் அதற்கு மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சி. வீட்டில் அது கிடையாது, ஓவியம் வரையும் மெல்லிய தூரிகையால் நாமே செய்யவேண்டும். பூ விடியற்காலையில் விரியும், மகரந்தம் சேராவிட்டால் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அதனால் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் செய்வது நல்லது. பல வகைகளில் தன் மகரந்தம் தனக்கே ஒட்டாது, அதனால் முடிந்தால் இரண்டு விதையாகப் போடுங்க.